கிரேன்காரி இறங்க மறுத்தாள்

கட்டிடம் எழும்பும் அந்த இடத்தில் எல்லாரும் அவளைக் கிரேன்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். உச்சியில் இருக்கும் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து இரும்புக் கம்பிகளைத் தூக்கி இறக்குவது அவள் வேலை. ஒருநாள் கூண்டுக்குள் இருந்தபோதே யாரோ நெஞ்சில் ஏறி மிதிப்பது போலிருந்தது. மூச்சு வரவில்லை. சுமையை எப்படியோ பத்திரமாகத் தரையில் வைத்துவிட்டாள். அவளைத்தான் இரண்டு பேர் ஏறிப் போய்க் கைத்தாங்கலாக இறக்க வேண்டியிருந்தது.

இதயத்தில் கோளாறு எதுவும் இல்லை, பயம்தான் உடம்பில் வேலை காட்டுகிறது என்றார் டாக்டர். அவ்வளவுதான், ஆளாளுக்குப் புத்தி சொல்லக் கிளம்பிவிட்டார்கள்.

"உனக்கெதுக்கு இந்த ஆகாச வேலை? தரையில நின்னு பொழைக்கிறவங்க எல்லாம் மனுசங்க இல்லையா?" என்றாள் நாத்தனார்.

"தரையிலயும் மூச்சு முட்டுது அண்ணி. இந்த வீட்டுக்குள்ளயே முட்டுது."

பேப்பருக்குப் பின்னாலிருந்து சிரித்துவிட்ட புருஷன், அதை அவசரமாக இருமலாக மாற்றிக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண் அவள் வயதுக்காரிதான். "மூச்சோட மல்லுக்கு நிக்காதீங்க. கால் எங்க இருக்கு, தோள் எங்க இருக்குன்னு பாருங்க. வெளிய விடுறதை மட்டும் மெதுவா விடுங்க" என்றாள்.

தினமும் விடிந்ததும் வீட்டுக்குப் பின்னாலிருந்த காலி மனையில், பனி ஈரம் காயாத புல்லில் மல்லாந்து படுத்தாள். முதலில் வானத்தைப் பார்க்கவே பிடிக்காமல் கண்ணை மூடிக்கொண்டாள். போகப்போக மேகம் நகர்வதையும், வட்டமடிக்கும் பருந்தையும் பார்க்கப் பழகினாள். மூச்சு அடைப்பதற்கு முன்பே தோள் இரண்டும் காதை நோக்கி ஏறுவதும், தாடை இறுகுவதும் அப்போதுதான் பிடிபட்டது.

"தெருவே சிரிக்குது" என்றாள் நாத்தனார்.

"சிரிக்கட்டும். அவங்களுக்கும் மூச்சுப் பயிற்சிதானே."

ஏறலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகும் சூப்பர்வைசர் இழுத்தார். "ஸ்டோர்ல உட்காருங்கம்மா. நிழல் இருக்கு, ஃபேன் இருக்கு."

"சுமை இல்லாம ஏறிக் காட்டறேன் சார். முடியலைன்னா நானே சொல்வேன். எனக்காக நீங்க சொல்ல வேண்டாம்."

ஏணியின் பாதியில் மறுபடியும் மூச்சு அடைத்தது. ஏணியைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள். கீழே வேலையை நிறுத்திவிட்டு அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"இறங்கிடுங்கம்மா, ஒண்ணும் தப்பில்ல" என்று சூப்பர்வைசர் குரல் கொடுத்தார்.

அவள் பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கியை ஏணியில் மாட்டினாள். தாடையைத் தளர்த்தினாள். தோளை இறக்கினாள். பாதத்துக்கு அடியில் இரும்பு உறுதியாக இருந்தது. தூரத்து வயலிலிருந்து ஈர மண் வாசனையோடு காற்று வந்து கழுத்து வியர்வையில் பட்டது. மெதுவாக, முழுசாக மூச்சை விட்டாள். பயம் போகவில்லை. போனால்தான் ஏறுவேன் என்று அவளும் காத்திருக்கவில்லை.

"இறங்கறதுக்கா சார் இவ்வளவு தூரம் ஏறினேன்?" என்று கத்திவிட்டு அடுத்த படியைப் பிடித்தாள்.

கூண்டுக்குள் உட்கார்ந்ததும் வாக்கிடாக்கி கரகரத்தது. "எப்படிம்மா இருக்கு?"

"பயமாத்தான் இருக்கு சார். ஆனா கை நடுங்கல. சுமை மாட்டாம கிரேன் கொக்கியை மட்டும் ஒரு சுத்து சுத்தப் போறேன், எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லுங்க."

சூப்பர்வைசர் விசிலை ஊதினார். கீழே எல்லாரும் ஒதுங்கி வழி விட்டார்கள்.