செத்துப்போனதாகச் சொன்ன நாய்

தென்கொரியாவின் நம்ஹே ஊர் நாய்க் காப்பகத்துக்கு யுன்சில் போனது இரண்டு குட்டிகளை அழைத்துவரத்தான். டேஜான் நகரில் அவற்றுக்கு வீடு பார்த்து வைத்திருந்தாள். குட்டிகளைக் காரில் ஏற்றிவிட்டுக் கை கழுவக் குழாய் தேடிக் கொட்டடியின் பின்பக்கம் போனபோது, கடைசி அடைப்பில் ஒரு நாய் தன் சாப்பாட்டுத் தட்டுக்குள் முன்னங்கால் இரண்டையும் வைத்துக்கொண்டு நின்றது.

அப்படி நிற்கிற நாய் ஒன்றைத்தான் அவளுக்குத் தெரியும். இறைச்சிக்காக நாய் வளர்த்த பண்ணையிலிருந்து அவளுடைய நாய் மீட்புச் சங்கத்தார் மீட்டு வந்தவன். கம்பித் தரை போட்ட கூண்டில் பிறந்தவனுக்குக் கால் உறுத்தாமல் நிற்கக் கிடைத்த ஒரே இடம் அந்தத் தட்டு. வீட்டுக்கு வந்து, வழவழவென்று தரை கிடைத்த பிறகும் பழக்கம் போகவில்லை. இடது காதைக் கம்பி இரண்டாகக் கிழித்திருந்தது. சோற்றுச் சட்டியின் அடியில் பிடிக்கும் காந்தலின் நிறம். அதனால் காந்தலின் பெயரையே வைத்து நுருங்ஜி என்று கூப்பிட்டார்கள்.

ஆனால் நுருங்ஜி செத்துப்போய்விட்டான். சூசோக் அறுவடைப் பண்டிகைக்கு முன்னாலேயே செத்துவிட்டான் என்று, அவனைத் தத்தெடுத்து வளர்த்த, அதே சங்கத்துத் தோழி போக்யங் அக்காவே போனில் விம்மி விம்மிச் சொன்னாள்.

"நுருங்ஜி" என்று யுன்சில் மெல்லக் கூப்பிட்டாள். தட்டு உருண்டது. நாய் பாய்ந்து வந்து கம்பியில் மோதியது.

"அவனா? அவன் பேய்ங்க" என்று சிரித்தார் பின்னால் வந்த காப்பகக்காரர். "தோளுக்குள்ள இருக்கற அடையாளச் சிப்பைப் பாத்தா, செத்துட்டான்னு பதிவாயிருக்கு. செத்தவன் ரெண்டு வேளையும் தட்டை நக்கிக் காலி பண்றான் பாருங்க! நெடுஞ்சாலை ஓட்டல் வாசல்ல கெடந்தான். பண்டிகைக்கு ஊருக்கு வந்தவங்க எறக்கி விட்டுட்டுப் போயிருக்காங்க. இங்க வெச்சிருக்கற கெடு எப்பவோ முடிஞ்சிடுச்சு. ஊசி போட்டு முடிச்சிடச் சொல்லிட்டாங்க. எனக்குத்தான் கை வரல."

"நான் கூட்டிட்டுப் போறேங்க" என்றாள் யுன்சில்.

வழியெல்லாம் போக்யங்குக்காக அவளே வக்கீலாக இருந்தாள். யாராவது திருடியிருக்கலாம். தகனம் செய்கிற இடத்தில் வேறு சடலத்தோடு மாறியிருக்கலாம். எப்படி மாறும், உயிரோடு இருக்கிற நாய்க்கு ஏது சடலம்? அதைக்கூட யோசிக்காமல் மனசு காரணம் தேடியது. போக்யங் யார்? நாய்களை மீட்கப் பண்ணை வாசலில் பனிக்காலம் முழுக்க அவளோடு ஒரே காரில் முடங்கிக் கிடந்தவள். ஒரு கிண்ண நூடுல்ஸை இரண்டு பேருமாகப் பகிர்ந்து, அடியிலிருக்கும் சூடான சாற்றை 'நீ குடி' என்று நீட்டியவள். தத்துக் கொடுக்குமுன் வீட்டைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி. நுருங்ஜியை போக்யங் கேட்டபோது, அக்கா வீட்டைப் போய்ச் சோதிப்பதா என்று அந்த விதியைத் தள்ளி வைத்ததே யுன்சில்தான்.

அப்புறம் அந்தக் கல். நாயின் சாம்பலை உருக்கிச் செய்தது என்று போக்யங் பட்டுப் பையில் போட்டுத் தந்த நீலக் கல். யுன்சில் அதைச் சன்னல் ஓரத்தில் வைத்து, நுருங்ஜிக்குப் பிடித்த காய்ந்த சர்க்கரைவள்ளித் துண்டுகளைத் தினமும் முன்னால் வைத்தாள். அதோடு பேசவும் பேசினாள். இப்போது பின்சீட்டில் அவன் குறட்டை விடுவதைக் கேட்க, அவமானத்தில் காது மடல் சுட்டது.

போனில் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். போக்யங் வாயிலிருந்து ஓர் உண்மை வந்தால் போதும், எந்த உண்மையாக இருந்தாலும் சரி, மன்னித்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அது வேண்டும் என்றுதான் மறுநாள் நுருங்ஜியைக் கூட்டிக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போனாள்.

நிலையத்துக்கு எதிரே சங்கத்தின் மேசை. ஆட்கள் வரிசையில் நின்று மனுவில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மேசை நடுவில் சட்டம் போட்ட படம், மூலையில் துக்கத்துக்கான கறுப்பு நாடா. படத்துக்குள் கிழிந்த காதோடு நுருங்ஜி சிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒலிபெருக்கியோடு போக்யங்.

"வாங்காதீங்க, தத்தெடுங்க! எடுத்தா கடைசிவரைக்கும் கைவிடாதீங்க! எங்க நுருங்ஜி எங்க மடியிலதான் கண்ணை மூடினான்..."

அந்தக் குரல் கேட்டதும் நுருங்ஜி ஒரே இழுப்பு. வார் யுன்சிலின் கையிலிருந்து நழுவியது. ஓடிப்போய் போக்யங்கின் இரண்டு காலணிகள் மேலும் ஏறி நின்றான். தட்டு இல்லாத இடத்தில் அவன் நிற்க விரும்புவது அங்கேதான். உடம்பெல்லாம் நடுங்க, சந்தோஷத்தில் அங்கேயே ஒன்றுக்கிருந்தான்.

போக்யங்கின் முகத்தில் ரத்தம் வற்றிப்போனது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். பிறகு சிரித்தாள்.

"அய்யோ, என்ன அழகு! யுன்சிலு, யாருடி இவன்? புதுசா மீட்டியா?"

ஊரெல்லாம் நடித்தால் பார்க்கலாம். தன்னிடமே நடிக்கிறவளை என்ன செய்வது? யுன்சில் பையிலிருந்து நீலக் கல்லை எடுத்துப் படத்துக்கு முன்னால் வைத்தாள்.

"இது யாரோட சாம்பல்க்கா?"

போக்யங்கின் கை தானாகவே கீழே இறங்கி, நுருங்ஜியின் தாடைக்கு அடியில், அவனுக்குப் பிடித்த அதே இடத்தில் சொறிந்தது. வாய் மறந்தாலும் கை மறக்கவில்லை.

பேனாவோடு நின்ற பெரியவர் ஒருவர் குனிந்து பார்த்தார். "என்னம்மா, படத்துல இருக்கறவன் மாதிரியே இருக்கான்? காது கூட அப்படியே கிழிஞ்சிருக்கே?"

"பண்ணையில இருந்து வர்ற நாய்ங்களுக்கு இப்படித்தாங்க கிழிஞ்சிருக்கும்" என்று போக்யங் சொல்லிவிட்டு, யுன்சிலின் முழங்கையைப் பிடித்து மேசைக்குப் பின்னால் இழுத்தாள். நாயும் கூடவே வந்து மறுபடி காலணி மேல் ஏறியது.

"மெதுவா பேசுடி. மாமியார் எங்ககூட வந்துட்டாங்க. நாயா நானான்னு கேட்டாங்க. நான் என்ன பண்ணுவேன்?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருந்தா அன்னிக்கே வந்து தூக்கிட்டுப் போயிருப்பேனே! காப்பகத்துல ஊசி போட இருந்தாங்கக்கா இவனுக்கு!"

"உங்கிட்ட சொன்னா சங்கத்துக்கே தெரியும். கைவிடாதேன்னு கத்தறவ வீட்டு நாயையே வேணாம்னு குடுத்துட்டான்னா, இந்த மேசையில எவன் கையெழுத்துப் போடுவான்? மத்த நாய்ங்களை நெனச்சுத்தாண்டி..."

"மத்த நாய்ங்க பேரைச் சொல்லாத."

கேட்ட உண்மை கிடைத்துவிட்டது. எந்த உண்மையானாலும் மன்னிக்கலாம் என்று நேற்று நினைத்தது எவ்வளவு பெரிய மடத்தனம்! யுன்சில் மேசைக்கு முன்னால் வந்து பெரியவரிடம் சொன்னாள்: "அதே நாய்தாங்க. சாகல."

அவர் நாயைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், பேனாவை மேசையில் வைத்துவிட்டுப் போனார். வரிசையில் இருந்த மற்றவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் ஓர் அடி முன்னால் நகர்ந்தார்கள்.

யுன்சில் வாரைப் பிடித்து இழுத்தாள். நுருங்ஜி அசையவில்லை. போக்யங் காலை மெல்ல உருவிக்கொண்டாள். அவன் திரும்பவும் ஏறினான். கடைசியில் யுன்சில் குனிந்து, அந்தக் கனத்த உடம்பை வாரித் தோளில் சாத்திக்கொண்டு நடந்தாள். சாவிலிருந்து எடுத்து வந்தவள் அவள். அவனோ அவள் தோளுக்கு மேலாகப் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தான். நீயுமாடா என்று அவளுக்கு ஆற்றாமையாக வந்தது.

பின்னால் ஒலிபெருக்கி ஒருமுறை கரகரத்து, போக்யங்கின் குரல் மறுபடி கேட்டது. எடுத்தா கடைசிவரைக்கும் கைவிடாதீங்க. அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் நுருங்ஜியின் வால் யுன்சிலின் இடுப்பில் அடித்தது.