மிதக்கிற மிளகு

சாஸ்திரிகள் மூன்றாம் முறை கூப்பிட்ட பிறகுதான் லோகாம்பாள் தட்டிலிருந்து வாய்க்கரிசியை அள்ளினாள். குனியப் போனபோது வாசலில் ராசப்பன் நிற்பது தெரிந்தது. அள்ளிய கை அப்படியே நின்றது.

ஒன்பது வருஷமாக மட்டாஞ்சேரிச் சந்துகளில் அவன் தலையைக் கண்டாலே வேறு பக்கம் திரும்பி நடந்தவள். இன்று திரும்ப இடமில்லை.

இப்போது கிடத்தியிருக்கிற அவள் கணவர் வெங்கிடேஸ்வரன் மிளகுப் பண்டகசாலையில் தரம் பார்த்தவர். மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் போடுவார். நல்ல மிளகு மூழ்கும். உள்ளே ஒன்றுமில்லாத பொக்கும், கலப்படம் செய்த பப்பாளி விதையும் மிதக்கும். எழுபத்து நாலில், கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கில் பாதி மிதந்தது. நல்ல சரக்கு என்று எழுதித் தரச் சொன்னார் முதலாளி. மாட்டேன் என்று வீட்டுக்கு வந்துவிட்டார் மனுஷர்.

"அடுத்த மாசம் பாக்கியத்துக்குக் கல்யாணம். வேலையை விட்டுட்டு நிக்கறவர் பொண்ணை யார் பண்ணிப்பா? நீங்க எழுதலைன்னா வேறொருத்தன் எழுதப்போறான்."

சாதம் போடும்போது சொன்னாள். காப்பி கொடுக்கும்போதும் சொன்னாள். மறுநாள் எழுதிக் கொடுத்தார்.

சரக்கு திரும்பி வந்தது. மூட்டை தைக்கும்போது விதையைக் கலந்துவிட்டான் என்று மேஸ்திரி ராசப்பன் தலையில் பழி விழுந்து, அவன் வேலை போயிற்று. உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று கிளம்பியவரை வாசலில் மறித்ததும் அவள்தான். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அதற்குப் பிறகு ரசத்துக்கு வேண்டிய மிளகைக்கூட டம்ளர் தண்ணீரில் போட்டு, மிதப்பதை எடுத்துவிட்டுத்தான் அவளிடம் கொடுப்பார். அவளுக்குச் சுருக்கென்று தைக்கும். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ராசப்பன் வந்து காலருகே கும்பிட்டான். தேவராவிலிருந்து வந்திருந்த மகள் பாக்கியலக்ஷ்மி, "அப்பாவோட வேலை பார்த்தவரா?" என்று கேட்டாள்.

"ஆமா மோளே." அவன் லோகாம்பாள் பக்கம் திரும்பினான். "அம்மா, போன ஓணத்துக்கு முந்தி சாமி என்னைத் தேடிப் பிராட்வே சந்தைக்கு வந்தாரு. நான் மூட்டைச் சுமடு தூக்குற எடத்துக்கே. 'பொய் எழுதினது நான்தான் ராசப்பா, பயந்து வாய் மிண்டாம இருந்துட்டேன்'னு கண்ணீர் விட்டுக் கரைஞ்சாரு. உங்களுக்கு இதொண்ணும் அறியாதுன்னும் பறஞ்சாரு. இனி அறிஞ்சா என்ன, எனக்கு அவர்மேல கோபமோ தேஷ்யமோ இல்ல."

லோகாம்பாள் கணவர் முகத்தைப் பார்த்தாள். அவள் சொல்லி ஒரு பொய் எழுதினார். அவள் கேட்காமலே அவளுக்காக இன்னொன்று சொல்லியிருக்கிறார். பேசாமல் இருந்துவிட்டால் போதும், இதுவும் அவரோடு போய்விடும்.

"நாழியாறது, அம்மா" என்றார் சாஸ்திரிகள்.

"ராசப்பா, எழுதச் சொன்னது நான். உனக்காகச் சொல்லக் கிளம்பினவரை மறிச்சதும் நான்தான். என்னைக் காப்பாத்தறதுக்காகத்தான் எனக்குத் தெரியாதுன்னு உன்கிட்ட சொல்லியிருக்கார்."

பாக்கியலக்ஷ்மியின் அழுகை நின்றது. "எதுக்கும்மா அப்படி எழுதச் சொன்னே?"

லோகாம்பாள் மகளின் தாலிச் சரட்டைப் பார்த்தாள்.

"அரிசி போடுங்க அம்மா" என்றான் ராசப்பன்.

போட்டாள்.

அவரைத் தூக்கிக்கொண்டு போன பிறகு வீட்டைக் கழுவிவிட்டார்கள். சமையலறை ஜன்னலில் ஒரு டம்ளர் இருந்தது. காலையில் மிளகைத் தண்ணீரில் போட்டுவிட்டுத்தான் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பாக்கியலக்ஷ்மி அதை எடுத்துக் கொட்டப் போனாள்.

"இங்கே கொண்டா" என்று லோகாம்பாள் வாங்கிக்கொண்டாள்.

மேலே மூன்று மிதந்தன. விரலால் ஒவ்வொன்றாக எடுத்தாள்.