கடலைப் பார்த்த வளையம்

...இல்லை, பற்றவைத்ததில் குறை இல்லை, இணைப்பையெல்லாம் நேற்றே தட்டிப் பார்த்தாயிற்று, செப்புக் குழாயும் நல்ல குழாய்தான், உடைத்த கப்பலிலிருந்து வந்தது, உள்ளே மணலை அடைத்து மாட்டுவண்டிச் சக்கரத்தின் மேல் வைத்து வட்ட ஏரியலாக வளைத்தேனே, ஒரு நசுங்கல் விழவில்லை, பிறகு ஏன் ஹெட்போனில் இந்தப் பாழாய்ப்போன இரைச்சல் மட்டும்... மணி ஆறு. ரங்கூனில் பஷீர் இந்நேரம் மோர்ஸ் கீயைத் தட்டிக்கொண்டிருப்பான். ஞாயிறு மாலை, நம் நேரத்துக்கு ஆறிலிருந்து ஆறேகால் வரை, நாற்பது மீட்டர் அலையில் கூப்பிடுகிறேன் தவசி என்று எழுதியிருந்தான். இதுதான் கடைசி ஞாயிறு. நாளைக்கு ரேடியோ செட்டை விற்றுவிட்டு மலைச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போகிறான், அங்கே மின்சாரமே கிடையாதாம். எட்டு ஞாயிறு போய்விட்டது. எட்டிலும் நான் செவிடன்.

மாடியில் நீளக் கம்பி கட்ட விட்டிருந்தால் இந்த ஏரியல் வளையமே வேண்டாம். வீட்டுக்காரி கெங்கம்மா விட்டால்தானே! "கம்பி கட்டினா இடி வூட்டுக்குள்ள பூந்துடும் நைனா, கருவாடு காயவெக்கிற எடம் வேற" என்று ஒரே பிடிவாதம். அதனால் அறைக்குள்ளேயே, ஆள் உயரத்துக்கு, மரத் தாங்கியில் ஏற்றி, ஜன்னலுக்கு நேராக, கடலைப் பார்க்க நிறுத்தினேன். கடலுக்கு அந்தப் பக்கம்தானே அவன். மன்னிப்புக் கேட்கிறவன் முகத்தைத் திருப்பிக்கொண்டா நிற்பான்? கடிதத்தில் எழுதுங்களேன் என்றாள் என் மனைவி ரோஸ்மேரி. நாலு தடவை எழுதினேன், நாலையும் கிழித்தேன், எழுத்தில் எப்படியோ பொய் வந்துவிடுகிறது. மோர்ஸில் அப்படி இல்லை. பட்டாளத்து வயர்லெஸ் வகுப்பில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள் நாங்கள், அவன் கை, தட்டுகிற தினுசு, எனக்குத் தெரியும், நாலு எழுத்துத் தட்டினால் போதும், மன்னித்தானா இல்லையா என்று தெரிந்துவிடும்... நாற்பத்திரண்டில் பர்மாவை விட்டு எல்லாரும் ஓடிவந்தபோது, காய்ச்சலில் கிடந்தவனை முகாமில் விட்டுவிட்டு லாரி ஏறினவன் நான். நாளைக்கு வந்து கூட்டிப்போகிறேன் என்றேன். போ என்றுதான் அவனும் சொன்னான். நாளை! பத்து வருஷமாயிற்று, வெட்கங்கெட்டவனே.

ஆறு பதிமூன்று. அலையைப் பிடிக்கிற கன்டென்சர் குமிழை ஒரு நூல் திருப்பு, இரைச்சல், இன்னும் ஒரு நூல், அதே இரைச்சல், கர்த்தரே, ஒரு எழுத்து, ஒரே ஒரு எழுத்து... முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தது. கெங்கம்மா, கையில் மீன்குழம்புக் கிண்ணம். "இன்னா நைனா, உள்ள வர வயி இல்லாம குறுக்கால நிக்க வெச்சிகீறே?" தொடாதீங்கக்கா என்று நான் கத்துவதற்குள் வளையத்தை ஒரு தள்ளு, அது பக்கவாட்டில் திரும்பி, விளிம்பைக் கடலுக்குக் காட்டி நின்றது. இரைச்சல் அப்படியே இறங்கியது. விட்டுவிட்டு மெல்லிய விசில். அவன் கை! கடைசிக் கோட்டை இழுத்து முடிக்கிற அதே கை! ...இருக்கிறாயா தவசி, இருக்கிறாயா, சரி, முடிக்கிறேன்... நான் என் மோர்ஸ் கீயின் மேல் பாய்ந்தேன், இருக்கிறேன், இருக்கிறேன், இருக்கிறேன், கை நோகத் தட்டினேன். பதில் இல்லை. ஆறேகால். அவன் எப்போதும் நேரம் தவறாதவன்.

விளிம்பு. வளையத்துக்குக் காது விளிம்பில்தான், முகத்தில் செவிடு என்று வகுப்பில் சொன்னார்களே, அன்றைக்கு நான் பஷீரின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தேன், எனக்கும் சேர்த்துக் குறிப்பு எழுதியவன் அவன். ஒன்பது ஞாயிறும் அவனுக்கு நேராக முகத்தைக் காட்டிக்கொண்டு...

"இன்னாத்துக்கு இப்ப அயுவுறே? கொயம்பு ஆறிடும், துன்னு நைனா."

ஹெட்போனைக் கழற்ற மனமில்லை. முகாமிலும் அப்படித்தான் நின்றேன், அவனுக்கு நேராக, முகத்தைப் பார்த்தபடி. லாரிக்காரன் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தான். பஷீரின் உதடு அசைந்தது, அது நிச்சயம். போ என்றான் என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன்... காதால் கேட்டேனா?