அழைத்து வந்தவர்

ஐந்தரை மணிக்கே முதலிபாளையம் அயர்ன் ஷெட்டில் பாய்லர் சீறத் தொடங்கிவிட்டது. ஒரு டி-ஷர்ட்டுக்கு நான்கு இழுப்பு: நெஞ்சு, முதுகு, இரண்டு கை. அய்யாசாமி வெறும் பனியனோடு நின்று இழுத்துக்கொண்டிருந்தார். நீராவி முகத்தில் அடித்து மூக்கு நுனியில் திரளும். சொட்டு துணியில் விழுந்தால் கறை என்பதால், ஒவ்வொரு இழுப்புக்கும் தலையைத் திருப்பித் தோளில் துடைத்துக்கொள்வார். முப்பத்தாறு வருடம் அப்படித் துடைத்ததில் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. முதுகு மட்டும் சாயவில்லை.

ஆறு பத்துக்கு போன் அடித்தது.

"அய்யா, நான் கவிப்பிரியாகூடப் படிக்கிற அபிராமி பேசுறேன். அவ விரல்ல மெஷின் ஊசி ஏறிருச்சு. காலேஜ் சிக் ரூம்ல இருக்கோம். வெரசா வாங்க."

கல்யாணமாகிப் பதினாறு வருடம் கழித்துப் பிறந்த ஒரே மகள். உடை வடிவமைப்பு, இரண்டாம் வருடம். கல்லூரிக்குப் பின்னாலேயே தாளாளரின் தையல் கம்பெனி. மாணவிகள் தினமும் ஐந்தரை முதல் ஒன்பதரை வரை அங்கே தைக்க வேண்டும். அதற்குப் பிராக்டிகல் என்று பெயர். அதன் பிறகுதான் வகுப்பு. விடிவதற்கு முன்பே அய்யாசாமி அவளை மொபெட்டில் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிட்டு ஷெட்டுக்கு வருவார்.

முகம் கழுவினார். ஆணியில் தொங்கிய வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக் கழுத்துவரை பித்தான் மாட்டினார். மகள் ரத்தத்தோடு காத்திருக்கையில் பித்தான் மாட்டிக்கொண்டிருந்த அந்த இரண்டு நிமிடம் பின்னால் அவரை அறுத்தது. ஆனால் அய்யாசாமி பனியனோடு எவன் வாசலுக்கும் போனவர் இல்லை.

சிக் ரூமில் ஒரு கட்டில், ஒரு எடை மெஷின், ஒரு பச்சைத் திரை. கட்டிலில் கவிப்பிரியா வலது கையைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஆள்காட்டி விரலில் சுற்றிய கட்டு சிவந்து நனைந்திருந்தது. அபிராமி அவள் முழங்கையைத் தாங்கி நின்றாள்.

"ஊசி நகத்துல எறங்கி உள்ளயே ஒடஞ்சிருச்சுங்க," என்றாள் நர்ஸ் சித்ரகலா. "எலும்புகிட்ட நிக்குது. சர்ஜன்தான் எடுக்கோணும். பிரைவேட் ஆஸ்பத்திரில சொல்லியாச்சு. நீங்க இதுல கையெழுத்துப் போட்டா இன்சூரன்ஸ்லயே பாத்துக்குவாங்க."

அய்யாசாமி சட்டைப் பையிலிருந்து மகளின் ஹெல்த் கார்டை எடுத்து மேசைமேல் வைத்தார். வருடா வருடம் பீஸோடு சேர்த்து இன்சூரன்ஸுக்கும் பிடித்துக்கொண்டு கொடுத்த கார்டு. நர்ஸ் நீட்டிய தாள் இங்கிலீஷில் இருந்தது. அதை மகளின் மடியில் வைத்தார்.

"படி சாமி."

"போட்டுடுங்கப்பா. வலிக்குது."

"படிக்காத காயிதத்துல நான் கை வெச்சதில்ல. படி."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு படித்தாள். "காலைல அஞ்சு மணிக்கு... ஹாஸ்டல் பாத்ரூம்ல வழுக்கி விழுந்து... வெரல்ல கம்பி குத்திருச்சுன்னு போட்டிருக்குதுங்க."

"எந்த ஹாஸ்டலு?"

நர்ஸ் பச்சைத் திரையை இழுத்துச் சரிசெய்தாள்.

"அஞ்சு மணிக்கு எம்பட புள்ளை எம்பட ஊட்ல தலை சீவிட்டிருந்தா. ஒரு ராத்திரி ஊட்டத் தாண்டித் தங்குனவ இல்ல. அஞ்சு மணிக்கு அவளுக்கு ஹாஸ்டல்ல என்னுங்க சோலி?"

நர்ஸ் போனை எடுத்துத் தாளாளரைக் கூப்பிட்டாள். பத்து நிமிடத்தில் தாளாளர் சிவபிரகாஷ் வந்தார். நாற்பது வயது, நடைப்பயிற்சிக் காலணி, கழுத்தில் துண்டு.

"வாங்கய்யா, உக்காருங்க."

அய்யாசாமி உட்காரவில்லை. "காயிதம் மாறிப்போச்சுங்க போல. இது வேற ஆருதோ."

"மாறலீங்க. இன்சூரன்ஸ்காரன் ஒத்துக்கற மாதிரி எழுதோணுமல்ல. தையல் லைன்ல ஆச்சுன்னா ஸ்டூடண்ட் பாலிசி செல்லாதுங்க. வேலை செய்யறவங்களுக்கு அது கெடையாது."

"அப்ப வேலை செய்யறவங்களுக்கு உண்டானதக் குடுங்க. கம்பெனில ஈ.எஸ்.ஐ. இருக்குதல்லங்க."

"இவங்க ஸ்டூடண்ட்ஸ். இவங்களுக்கு எப்படிங்க ஈ.எஸ்.ஐ.?"

"பாலிசிக்குப் போனா வேலைக்காரி. ஈ.எஸ்.ஐ.க்குப் போனா ஸ்டூடண்ட்டு. சரிங்க. அந்த ஊசிக்கு இவ ஆருங்க?"

சிவபிரகாஷ் சிரித்தார். "அது படிப்புல ஒரு பாகமுங்க."

"படிப்புக்கு டார்கெட் எதுக்குங்க? முடிக்காட்டி மெஷினுக்கு நடுவுல பாதையில நிக்க வெக்கிறீங்களாமா, புள்ளை சொல்லுது. ஊசிக்கு முன்னால வெரல் போகாம ஒரு தடுப்பு இருக்கோணும். பீஸ் வேகமா ஓடோணும்னு அதக் கழட்டி வெச்சது எந்தப் பாடமுங்க?"

"இதபாரு பெரியவரே." தாளாளர் பேச்சிலிருந்து 'ங்க' கழன்று விழுந்தது. "ஹாஸ்டலுங்கற ஒரு வார்த்தைக்கா இத்தனை? போட்டா பத்து நிமிஷத்துல ஆம்புலன்ஸ். போடாட்டி கவர்மெண்ட் ஆஸ்பத்திரி வாசல்ல போய்க் கெட. புள்ளை வெரல் போனாப் பரவால்ல, உன்ற கௌரவம் போகக் கூடாது. அதான?"

அது குத்த வேண்டிய இடத்தில் குத்தியது. அய்யாசாமி மகளைப் பார்த்தார். கண்ணீர் தாடைவரை இறங்கியிருந்தது. துடைக்க இன்னொரு கை இருந்தும் அவள் துடைக்கவில்லை. அவர் பேனாவை எடுத்தார்.

"அந்த ஹாஸ்டலை மட்டும் அடிங்க," என்றார் மெதுவாக. "எங்க ஊட்டு பாத்ரூம்ல உளுந்தான்னு எழுதுங்க. போடறேன்."

"அட, அவ்வளவுதானுங்களா. சித்ரகலா, மாத்தி எழுதும்மா." 'ங்க' திரும்பி வந்துவிட்டது.

அபிராமி சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை.

"அப்ப உங்க மகளுக்கு மட்டும் வீட்டு பாத்ரூம். எங்களுக்கு ஹாஸ்டல் பாத்ரூம். அப்படித்தானே அய்யா?"

"நான் அப்படிச் சொல்லலம்மா."

"வேற எப்படிச் சொன்னீங்க? ஹாஸ்டல்ல இருந்தா மானம் இல்லயா?" அவள் தன் இடது கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். நடுவிரல் நுனி கருத்து வீங்கியிருந்தது. நகத்தடியில் சீழ். "ஆடி மாசம் ஏறுனது. முனை இன்னும் உள்ளதான் கெடக்கு. எங்கய்யா ராஜபாண்டி சாத்தூர்ல லோடு ஏத்துறவரு. இங்கிலீஷ் தெரியாது. போன்ல அனுப்புன தாளுல கையெழுத்துப் போட்டு அனுப்பிச்சாரு. அவரு மக எங்க விழுந்தான்னு அவருக்கு இன்னிவரைக்கும் தெரியாது. அந்த ஒத்தப் பாத்ரூம்ல இதுவரைக்கும் ஏழு பேரு வழுக்கி விழுந்துட்டோம். ஏழு பேருக்கும் விரல்லதான் அடி. ஒருத்தி முட்டியிலகூட ஒரு சிராய்ப்பு இல்ல."

மாற்றி எழுதிக்கொண்டிருந்த சித்ரகலாவின் கை நின்றது.

அய்யாசாமிக்குச் சட்டைக் கழுத்து இறுக்கியது. தன் வீட்டு மானத்தைக் காக்க, அதே பொய்யைத் தன் வீட்டுக்குள்ளேயே கூட்டிக்கொண்டு போகவிருந்தார். பெற்றவன் பக்கத்தில் இல்லாத பிள்ளைகள் பெயரில் அந்தப் பொய் ஏழு முறை எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பிள்ளைகளை இந்த நிமிடம்வரை அவர் நினைத்துப் பார்க்கவே இல்லை.

"வேண்டாங்கப்பா," என்றாள் கவிப்பிரியா. இப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நம்ம பாத்ரூமும் வேண்டாம். நான் லைன்ல உக்காந்திருந்தேன். அஞ்சு அம்பதுக்கு. நாலாவது மெஷின்ல."

அவர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

"கவர்மெண்ட் ஆஸ்பத்திரில எப்படி அடிபட்டுதுன்னு கேட்டுத்தான் எழுதுவாங்களாமா," என்றார் தாளாளரிடம். "அதனாலதான் அந்த வாசலுக்கு அனுப்பாம இந்தக் காயிதமுங்களா?"

"போங்க. கேட்டைத் தாண்டற புள்ளைக்கு அட்டெண்டன்ஸ் கெடையாது, ஹால் டிக்கெட் கெடையாது."

அபிராமி அதற்குள் பின்வாசல் வழியாகக் கம்பெனிக்குள் போய்விட்டாள். சிக் ரூம் சுவருக்கு அப்பால் நூறு மெஷின்களின் இரைச்சல். கொஞ்ச நேரத்தில் அது ஒரு ஓரத்தில் மெலிந்தது. பிறகு நடுவில். ஒவ்வொன்றாக மோட்டார்கள் அடங்கி, கடைசியில் மின்விசிறிகளின் சத்தம் மட்டும் மிஞ்சியது. சூப்பர்வைசர் யாரையோ ஏசுவது தெளிவாகக் கேட்டது.

அபிராமி திரும்பி வந்தபோது பின்னால் ஆறு பெண்கள். தலைமுடியில் பஞ்சுத் தூசி. ஆளுக்கொரு விரலில் ஊசித் தழும்பு.

"மத்தவங்க லைன்லயே உக்காந்திருக்காங்க அய்யா. மெஷினைத் தொடலை. நாங்க உங்ககூட ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தப்புறம் பேசிக்கலாம்னு சொல்றாங்க."

வாசலில் காவலாளி குருசாமி, "சார் தொறக்க வேண்டாங்கிறாரு," என்றான். எட்டுப் பெண்களையும் வெள்ளைச் சட்டைக்காரரையும் பார்த்தான். கேட்டைத் திறக்கவில்லை. பக்கத்துச் சிறு கதவின் தாழ்ப்பாளை மட்டும் விலக்கிவிட்டு, சாலைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மொபெட்டில் ஒன்பது பேர் போக முடியாது. டவுன் பஸ் வந்தது. பெண்களுக்கு இலவசம், கண்டக்டர் அய்யாசாமி ஒருவருக்கு மட்டும் டிக்கெட் கிழித்தார். "என்னுங்க, கல்யாணத்துக்கா கூட்டிட்டுப் போறீங்க?" கட்டுப் போட்ட விரலைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது. எழுந்து தன் இருக்கையைக் கவிப்பிரியாவுக்குக் கொடுத்தார்.

பஸ்ஸில் ஷெட் முதலாளி சரவணக்குமார் கூப்பிட்டான். "அண்ணா, என்ன பண்ணிட்டீங்க? அந்தத் தாளாளர் கம்பெனி பீஸ் இனி நமக்கு அயர்னுக்கு வராதாமா. சாயங்காலம் வந்து கணக்கு முடிச்சுக்குங்க."

"சரி," என்றார் அய்யாசாமி. ஜன்னலுக்கு வெளியே சாயப்பட்டறைக் குழாய்கள் போய்க்கொண்டிருந்தன. இனி எந்த ஷெட்டில் நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

அவசரப் பிரிவில் இளம் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். "எக்ஸ்ரே எடுக்கணும். காப்பாத்திடலாம்னுதான் நினைக்கிறேன், இப்ப உறுதி சொல்ல முடியாது." விபத்துப் பதிவேட்டைத் திறந்தார். "எங்கே, எப்படி?"

"தையல் லைன்ல, டாக்டர். ஊசி ஏறிருச்சு," என்றாள் கவிப்பிரியா.

அப்படியே எழுதினார். அடுத்து அபிராமி. "எங்கே?"

"அதே லைன்ல."

மூன்றாமவளைப் பார்த்ததும் டாக்டர் பேனாவை நிறுத்தினார். "ஆறின காயத்துக்கு இதுல பதிய முடியாதும்மா. ஓ.பி. சீட்டுல எழுதித் தர்றேன். எப்படி ஆச்சுன்னும் எழுதறேன். போதுமா?"

"போதும்," என்றார்கள் ஆறு பேரும்.

பதிவேட்டில் ஒரு கட்டம் மீதி இருந்தது. "அழைத்து வந்தவர் பெயர்?" என்று எழுத்தர் கேட்டார். "இவங்க எல்லாம் உங்க பிள்ளைங்களா?"

"ஒண்ணு எம்பட புள்ளைங்க. மத்ததுக அப்பனுக வேற ஊர்ல இருக்காங்க. அவிய வர்ற வரைக்கும் எல்லாத்துலயும் என்ற பேரை எழுதுங்க. அய்யாசாமி. பொய்யா எதையும் எழுத வேண்டாம்."

அபிராமி அவரைப் பார்த்தாள். தன் சீட்டை அவர் கையில் கொடுத்தாள், பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்வதுபோல. அவர் அதை மடித்து, மகளின் ஹெல்த் கார்டு இருந்த பையில் வைத்தார். பித்தான் ஒன்றைக் கழற்றிக் கழுத்தைத் தளர்த்திக்கொண்டார்.

எக்ஸ்ரே அறையில் கவிப்பிரியாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அப்போது அபிராமியின் போன் அதிர்ந்தது. அவள் வாசித்துவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"லைன் இன்னும் ஓடலையாம்."