லைட் அடித்தவன்

யுத்த காலத்தில் எங்கள் பக்கத்து வாகனக்காரர்களுக்குள் ஒரு பாஷை இருந்தது. எதிரே வருபவன் லைட்டை அடித்துக் காட்டினால் முன்னால் ஆமி நிற்கிறது, செக்கிங் நடக்கிறது என்று அர்த்தம். அடையாள அட்டை இல்லாதவன் பக்கத்துச் சந்து ஒழுங்கைக்குள் இறங்கிவிடுவான். சமாதானம் என்று சொன்ன காலத்திலும் அந்தப் பழக்கம் போகவில்லை.

சுனாமியாய்க் கடல் வந்த அன்று காலை களுவாஞ்சிக்குடியில் மாமி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் என் தம்பி சிவதர்சன். அவனுடைய மோட்டார் சைக்கிளில் என் மகள் கிருசிகா. மாமாவோடுதான் வருவேன் என்று அடம்பிடித்து ஏறியவள். கொஞ்சம் பின்னால் இன்னொன்றில் நானும் என் கணவரும். தம்பி அந்த வருடம்தான் இயக்கத்தை விட்டு வீட்டுக்கு வந்திருந்தான். அட்டை கிடையாது. நாய் குரைத்தாலும் திடுக்கிடுவான்.

வழியில் தேற்றாத்தீவு என்ற ஊரில் ஒரு நீல வேன் எதிரே பறந்து வந்தது. லைட்டை விடாமல் அடித்தது. தம்பி உடனே இடப்பக்கச் சிக்னலைப் போட்டான். உயிருக்குப் பயந்து ஓடும்போதும் சிக்னல் போடுகிற ஆள் அவன்! அந்த ஒழுங்கை நேரே கடற்கரைக்குப் போகிறது.

பிறகுதான் இரைச்சல் கேட்டது. தண்ணீர் றோட்டுக்கு ஏறியபோது என் கணவர் என்னை ஒரு மதிலில் தூக்கிப் போட்டார். தம்பியின் உடல் தாழைப் பற்றைக்குள் கிடந்தது. பிள்ளை கிடைக்கவேயில்லை.

அந்த வேன்காரனை நான் மண் அள்ளித் தூற்றாத நாளில்லை. அவன் சும்மா போயிருந்தால் இவர்களும் எங்களோடு றோட்டில் நின்றிருப்பார்கள்.

யுத்தம் முடிந்த வருடம், மட்டக்களப்பு ஆஸ்பத்திரியிலிருந்து கணவரைக் கூட்டிவர ஒரு வேன் பிடித்தேன். சாரதி பதியுதீன், வயதான மனிதர்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் மாட்டுக்கூட்டம் றோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. அதைக் கடந்ததும் எதிரே வந்த லொறிக்காரனுக்குக் கையை வெளியே நீட்டி, "மாடு நிக்கிது, மெல்லப் போ!" என்று கத்தினார்.

"ஏன் நானா தொண்டையக் கிழிக்கிறீங்க? லைட்ட அடிச்சா முடிஞ்சுது," என்றேன்.

"நான் லைட் அடிக்கிறல்ல தங்கச்சி." கியரை மாற்றினார். "கடல் வந்த அண்டைக்குப் புள்ளையள ஏத்திக்கிட்டு ஓடி வந்தன். தேற்றாத்தீவில ஒரு பொடியன் மோட்டார் சைக்கிள்ல வந்தான். முன்னுக்கு ஒரு சின்னப் புள்ள. திரும்பிப் போடா எண்டுதான் அடிச்சன். அவன் ஆமி எண்டு நினைச்சிருக்கான். சிக்னல் போட்டு கடல் பக்கம் போயிட்டான்."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"அப்ப உங்கட வேன் என்ன நிறம்?"

"நீலம்."

"நிப்பாட்டிச் சொல்லியிருக்கலாமே நானா?"

"பின்னால தண்ணி வந்திட்டு தங்கச்சி. என்ட புள்ளையள் கத்துதுகள்." முகத்தைத் துடைத்தார். "அந்தப் புள்ள தப்பியிருக்கும்தானே?"

இத்தனை வருடம் சேர்த்து வைத்த சாபத்தில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. பொய் சொல்லவும் மனம் வரவில்லை.

"இல்ல நானா. அவள்ட பேர் கிருசிகா. என்ட மகள்."

அவர் இடப்பக்கச் சிக்னலைப் போட்டு வேனை ஓரமாக நிறுத்தினார். ஸ்டியறிங்கில் தலையைச் சாய்த்து அழுதார். நானும் அழுதேன். வெகுநேரம் கழித்து வேனை எடுத்தார், சிக்னலை அணைக்க மறந்து.

"நானா," என்றேன், "சிக்னல் எரியுது. பின்னால வாறவன் நாம திரும்பப் போறம் எண்டு நினைப்பான்."