அம்மை போட்ட வீடு

அயர்லாந்துக்காரி பெட்டிக்கு அம்மை போட்டபோது தெய்வம்மாவின் வீட்டில் மூட்டை முடிச்சுகள் கட்டியாகிவிட்டன. பச்சைத் தேயிலை விலை விழுந்து ஃபேக்டரி மூடியதிலிருந்து இத்தலார் எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பாதி வீடுகள் காலி. தெய்வம்மாவும் புருஷன் விஜயனும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கிளம்ப இருந்தார்கள். லயத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வந்திருந்த பெட்டி, அவர்கள் வீட்டு முன்னறையில்தான் தங்கியிருந்தாள்.

பூச்சிக்கடி என்றுதான் முதலில் நினைத்தாள். சாயங்காலத்துக்குள் முகமெல்லாம் கொப்புளம். கம்பவுண்டர் வாசலில் நின்றே பார்த்தார்.

"சின்னம்மைங்க. பிள்ளைங்ககிட்ட இருந்து ஒட்டியிருக்கும். எங்கயும் அலைக்க வேண்டாம், படுத்திருக்கட்டும்."

அவர் போனதும் தெய்வம்மா விஜயனிடம் சொன்னாள். "தண்ணி ஊத்துற வரைக்கும் நாம ஊட்ட உட்டுப் போகக் கூடாதுங்க."

"திங்கக்கெழம நிக்கலைன்னா வேற ஆளைப் போட்டுக்குவாங்க."

அவன் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தான். உள்ளே பெட்டியாலும் படுக்க முடியவில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள், சொறிந்தாள்.

"நீங்க போங்க அக்கா. நான் தனியா இருப்பேன்."

"சொறியாத. கையை எடு."

அந்தக் குளிரில் வேப்பமரம் ஏது? காலையில் விஜயன், மேட்டுப்பாளையம் போய் வேப்பிலை கொண்டுவருவதாகச் சொல்லி பஸ் ஏறினான். பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் தெய்வம்மா வாசலுக்கு வந்தாள். பொழுது சாயும்போது கண்டக்டர்தான் சாக்குக் கட்டோடு வந்தார்.

"அண்ணன் ஸ்டாண்டுல குடுத்தாருங்க. திருப்பூர் வண்டி நின்னுச்சு, ஏறிட்டாரு. உங்ககிட்டச் சொல்லச் சொன்னாரு."

தெய்வம்மா கட்டைப் பிரித்துப் பாயில் வேப்பிலையைப் பரப்பினாள்.

"என்னாலதான், அக்கா" என்றாள் பெட்டி.

"உன்னால இல்ல. போறவரு எங்கிட்டச் சொல்லிட்டுப் போயிருக்கலாம்."

இரண்டு வாரத்தில் கொப்புளங்கள் காய்ந்ததும் தெய்வம்மா பெட்டிக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள். அவளை அனுப்பிய தொண்டு நிறுவனம், ஊருக்குத் திரும்பிவிடச் சொல்லி ஊட்டியிலிருந்து ஜீப் அனுப்ப ஏற்பாடு செய்தது. அவள் பையை அடுக்கிக்கொண்டிருக்கையில் தெய்வம்மா காய்ச்சலில் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்தாள். காதுக்குப் பின்னால் ஒரு கொப்புளம்.

ஜீப் வந்தது. "அக்காவுக்கு அம்மை. எனக்கு இனி வராது. நான் இங்கதான் இருப்பேன்" என்று டிரைவரைத் திருப்பி அனுப்பினாள் பெட்டி.

அவள் காய்ச்சிய கஞ்சி அடிபிடித்திருந்தது. தெய்வம்மா முகம் சுளித்துக்கொண்டே குடித்தாள். இருபது வருஷமாக இலை பறித்துப் பழகிய உடம்பு, படுக்கையில் நிலைகொள்ளவில்லை. எழுந்து பாத்திரம் கழுவப் போனவளைப் பெட்டி இரண்டு முறை இழுத்து வந்து படுக்கவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விஜயன் லயத்துக் கடை போனுக்குக் கூப்பிட்டான். பெட்டிதான் போய்ப் பேசினாள்.

"அக்காவுக்கு அம்மை. நீங்க வாங்க" என்றாள்.

மறுநாள் மத்தியானம் வந்துவிட்டான். தெய்வம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"வேலை?" என்றாள்.

"போனாப் போவுது. வேற கம்பெனி பாத்துக்கலாம்."

"எதுக்குச் சொல்லாமப் போனீங்க?"

"சொல்லியிருந்தா நீ உட்டிருக்க மாட்ட."

"மாட்டேன்தான்" என்றாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "சாப்பிட்டீங்களா?"

பெட்டி கஞ்சிப் பானையை எட்டிப் பார்த்துவிட்டு, மூன்று பேருக்குப் போதாது என்று மறுபடி அரிசி களைய உட்கார்ந்தாள்.