ஷட்டர் இல்லாத ஆறு

"ஷட்டர் எங்கம்மா இருக்குது?" என்று டோமினிக் மகளிடம் மூன்றாவது முறையாகக் கேட்டபோது அவர் மனைவி இருதயசெல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

திண்டிவனத்து வீட்டிலேயே ஆரம்பித்த கேள்வி அது. சீனாவில் இரண்டாயிரத்து இருநூறு வருஷத்துக்கு முந்தைய பாசன வேலை ஒன்று இருக்கிறது, இன்றைக்கும் அதில் தண்ணீர் ஓடி வயலுக்குப் போகிறது என்று மகள் சகாய பிரியா போனில் சொன்ன நாளிலிருந்து, அந்தக் காலத்து ஷட்டர் மரத்திலா இரும்பிலா, அதைச் சங்கிலி போட்டுத் தூக்கினார்களா திருகித் தூக்கினார்களா என்பதே அவருக்கு யோசனை. கிளியனூர்ப் பக்கத்து ஏரி மதகில் லஸ்கராகச் சேர்ந்து, முறை வைத்துத் தண்ணீர் திறந்துவிட்டு முறை வைத்து மூடி, முப்பத்தாறு வருஷம் கழித்துப் போன வருஷம்தான் ரிட்டயர் ஆகியிருந்தார். பெருஞ்சுவரைப் பார்க்கலாமே என்று மகள் கேட்டதற்கு, "சுவத்துல என்னா பாக்கறது? தண்ணி ஓடற எடமா காட்டு" என்றுவிட்டார்.

சகாய பிரியா சென்னையில் ஒரு கார்க் கம்பெனியில் இஞ்சினியர். கம்பெனி அவளைச் செங்டு நகரத்துக்கு அனுப்பி இரண்டு வருஷம் ஆகிறது. அங்கிருந்து அரைமணி நேர ரயிலில் அந்தப் பாசன வேலை இருக்கும் டூஜியாங்யானுக்கு வந்துவிடலாம். அக்டோபர் மாதக் குளிரில் மூன்று பேரும் காலையிலேயே வந்து, மஞ்சள் கொடி பிடித்த கைடு ஒருத்தியின் பின்னால் நூறு சீனர்களோடு நடந்தார்கள். கைடு மைக்கில் விடாமல் பேசினாள். பிரியா புரிந்த அளவுக்குத் தமிழில் சொன்னாள். முதலில் மலையைக் குடைந்து வெட்டிய குறுகலான வாய். வெடிமருந்து இல்லாத காலத்தில் பாறையை நெருப்பில் காய்ச்சி, அதன்மேல் தண்ணீர் ஊற்றிப் பிளந்தார்களாம். பச்சை நிறத் தண்ணீர் அந்த வாய்க்குள் நுரைத்துக்கொண்டு ஓடியது. டோமினிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அங்கேயும் ஷட்டர் இல்லை.

இப்போது நிற்பது அதற்கு மேலே, ஆற்றின் ஓரமாக நீளும் ஒரு தாழ்வான தடுப்பு.

"ஷட்டரே கிடையாதாம்ப்பா" என்றாள் பிரியா. "அந்தப் பக்கம் பிரிஞ்சி போற வெளி ஆத்துல ஒண்ணு வச்சிருக்காங்க, அது அம்பது வருஷத்துக்கு முன்னாடி வச்சதுதான். பழைய ஆளுங்க ஒண்ணும் வைக்கல. இந்தத் தடுப்ப வேணும்னே தாழ்வா கட்டியிருக்காங்க. தேவைக்கு மேல தண்ணி வந்தா இது மேலயே வழிஞ்சி வெளி ஆத்துக்குப் போயிடும். ஆறு வளைஞ்சி வர்ற வேகத்துல கல்லு, மணலு, மரக்கட்டை எல்லாத்தையும் வெளிய தள்ளிக்கினு போயிடுமாம்."

"கட்டையையுமா?" என்றார் டோமினிக்.

"ஆமாம்ப்பா."

அவர் தடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மனைவி பக்கம் திரும்பி, "நம்மூரு மதகும் இப்புடி இருந்திருந்தா எனக்கு உன்னக் கட்டிக் குடுத்திருக்க மாட்டாங்க செல்வி" என்றார்.

பிரியா சிரித்தாள். அவளுக்குத் தெரியாத கதையா அது? சோறு ஊட்டும்போதெல்லாம் அம்மா சொன்ன கதை.

எண்பத்தொன்பதாம் வருஷம். மழை சரியில்லை. ஏரியில் பாதித் தண்ணீர்கூட இல்லாததால் காலை ஆறிலிருந்து பத்து மணி வரைதான் மதகு திறப்பது என்று ஊரில் பேசி முடிவு செய்திருந்தார்கள். அந்த நாலு மணி நேரத் தண்ணீர் கடைமடை வரை எங்கே வரும்? இருதயசெல்வியின் அப்பா தொம்மைக்குக் கடைமடையில்தான் ஒன்றரைக் காணி நெல். கதிர் வாங்கும் சமயத்தில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அறுத்து மாட்டுக்காவது போடலாம் என்று அப்பாவும் மகளும் அரிவாளோடு போன அன்றைக்குத்தான் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. முதலில் காய்ந்த சருகுகள் தாமாக நகர்ந்தன. பிறகு புழுதியை உருட்டிக்கொண்டு தண்ணீரின் முகம் தெரிந்தது. வெடிப்புகள் அதைக் குடித்த சத்தம் இருதயசெல்விக்கு இன்றும் காதில் இருக்கிறது. தொம்மை அரிவாளைக் கீழே போட்டுவிட்டுச் சேற்றில் முழந்தாளிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். மதியம் இரண்டு மணி வரை தண்ணீர் நிற்கவில்லை.

மறுநாள் ஊரே பேசியது. மதகை ஒட்டி நிலம் வைத்திருந்த தாண்டவராயன், "தொம்ம பொண்ணு மூஞ்சப் பாத்து லஸ்கரு ஏரியையே தொறந்து வுட்டுட்டான்" என்று ஆபீசில் புகார் எழுதிக் கொடுத்தார். ஆபீசுக்கு வந்து பதில் சொல்லும்படி டோமினிக்குக்கு உத்தரவு வந்தது. இருதயசெல்வி கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் தூக்கில் எடுத்துக்கொண்டு மதகடிக்குப் போய், தலையைக் குனிந்தபடி, "உங்களாலதான் எங்க பயிரு பொழச்சிது" என்றாள். அவர் தூக்கை வாங்கிக்கொண்டார். அந்த வாரமே அவருக்கு மூன்று மாதம் சஸ்பெண்ட். அடுத்த தை மாதம் கோவிலில் கல்யாணம்.

முப்பத்தைந்து வருஷ வாழ்க்கையில் அந்த நாள்தான் அவளுக்குப் பெரிய சொத்து. மைத்துனன் கல்யாணத்தில் குடித்துவிட்டு விழுந்தார், மகள் பிறந்தபோது இரண்டு நாள் கழித்து வந்தார். அப்போதெல்லாம் அவள் மனசுக்குள் வாய்க்கால் ஓரம் போய் நின்று, சருகு நகர்வதைப் பார்த்துவிட்டு அவரை மன்னித்திருக்கிறாள்.

"என்னாத்துக்கு இப்ப அந்தப் பேச்சு?" என்று கேட்டாள்.

டோமினிக் கைப்பிடிக் கம்பியைத் தேய்த்தார். "பத்து மணிக்கு மூடத்தான் போனேன் செல்வி. ஷட்டர் எறங்கல. ஒரு பனங்கட்டை தண்ணியில உருண்டு வந்து அடியில சொருவிக்கிச்சி. முங்கி முங்கிப் பாத்தேன், வரல. ஆள் கூட்டியாரலாம்னா அறுப்புக்குப் போயிட்டாங்க. கயிறு கட்டி இழுத்து இழுத்து, ரெண்டு மணிக்குத்தான் வந்துது."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. "அப்போ நீங்க தொறந்து வுடல?"

"மூட முடியல."

"கட்டைன்னு சொல்லியிருந்தா சஸ்பெண்ட் பண்ணியிருக்க மாட்டாங்க இல்ல?"

"மாட்டாங்க. ஆபீசுல சொல்றதுக்குத்தான் கெளம்பிக்கினு இருந்தேன். நீ தூக்கு எடுத்துக்கினு வந்துட்ட."

பிரியா வாயைப் பொத்திக்கொண்டாள். இருதயசெல்வி மஞ்சள் கொடிக்குப் பின்னால் விடுவிடுவென்று நடந்தாள்.

ஆறு இரண்டாகப் பிரியும் இடத்தில் கைடு கூட்டத்தை நிறுத்தினாள். மீனின் வாய்போல நீண்ட கரை ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கிடந்தது. தண்ணீர் குறைந்த காலத்தில் பெரும்பங்கு வயலுக்கும், வெள்ளக் காலத்தில் பெரும்பங்கு வெளி ஆற்றுக்கும் தானாகப் போகுமாம். மனுஷன் கை வைக்க வேண்டியதில்லை. எல்லோரும் போன் எடுத்துப் படம் பிடித்தார்கள். இருதயசெல்விக்கு ஒன்றும் மனசில் ஏறவில்லை. ஒரு பனங்கட்டைக்கா இத்தனை வருஷம் நன்றி சொல்லிக்கொண்டிருந்தோம் என்று இருந்தது. அங்கிருந்த கல்லில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்ததும் அந்த மூன்று மாதம் நினைவுக்கு வந்தது. சம்பளம் பாதியாகி, லஸ்கர் கூலிக்கு மல்லாட்டைக் கடலை பிடுங்க வந்தார். பழக்கமில்லாத கை. உள்ளங்கையெல்லாம் கொப்புளம். ஒரு நாள் அவள் அப்பாவின் மேட்டு நிலத்துக்கே வந்தார். வரிசையில் எல்லோருக்கும் கடைசியாகப் பிடுங்கிக்கொண்டு, வேர்வையைத் தோளில் துடைத்தபடி, அவள் தண்ணீர்ச் செம்பை நீட்டியதும் கொப்புளத்தை மறைத்து விரல் நுனியால் வாங்கினார். கட்டை மாட்டிக்கொண்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கொப்புளம் இல்லை. ஏரியைத் திறப்பதற்கு நாலு மணி நேரம் போதும். வாயை மூடிக்கொண்டிருந்தது தொண்ணூறு நாள்.

டோமினிக் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பிரியா கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"அப்பா சாவற வரைக்கும் உங்களப் பத்தி எத்தினி பெருமையா சொல்லிக்கினு இருந்தாரு" என்றாள் இருதயசெல்வி. "பாவம், அவரையும் ஏமாத்திட்டீங்க."

"அவருக்குத் தெரியும்."

"என்னாது?"

"கல்யாண ஓலை எழுதறதுக்கு முந்தின நாளு அவரு கிட்ட போயி சொல்லிட்டேன். பொய் சொல்லி பொண்ணு எடுக்க மனசு வரல. கட்டையக்கூட காட்டினேன், மதகு பக்கத்துலதான் கெடந்துது. உங்க அப்பா அத காலால உருட்டிப் பாத்தாரு. அப்பறம், 'எம்பொண்ணு நாலு மாசமா சிரிச்சிக்கினு கெடக்கறா மாப்ள, இத அவ கிட்ட சொல்லித் தொலையாத'ன்னுட்டு, ரெண்டு பேருமா அத தூக்கிக்கினு போயி எரியற சூளையில போட்டுட்டோம்."

அப்பா இறந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அவரோடு பேச வேண்டியதெல்லாம் பேசி முடித்துவிட்டதாகத்தான் இருதயசெல்வி நினைத்திருந்தாள். இப்போது அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாப்பிள்ளையாகப் போகிறவனோடு ஒரு பனங்கட்டையைத் தூக்கிக்கொண்டு போவது கண்ணில் தெரிந்தது. அந்த இரவு வீட்டுக்கு வந்து மகள் கையால் சாப்பிட்டிருப்பார். ஒன்றும் தெரியாதவர்போல, "லஸ்கரு நல்ல பையன்மா" என்றிருப்பார். சொன்னாரா? சொன்னார், சொன்னார். கொல்லையில் கை கழுவிக்கொண்டே சொன்னார்.

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பக்கத்திலிருந்த சீனத்து அம்மா ஒருத்தி என்னவோ என்று பதறி, பையிலிருந்து காகிதக் கைக்குட்டையை எடுத்து நீட்டினாள். பிரியா சீனத்தில் ஏதோ சொல்ல, அந்த அம்மா டோமினிக்கை ஒருமுறை முறைத்துவிட்டுப் போனாள்.

"என்னாடி சொன்ன?" என்றார் டோமினிக்.

"அப்பா பொய் சொல்லிட்டாருன்னு சொன்னேன்."

இருதயசெல்வி அழுதுகொண்டே சிரித்தாள்.

கைடு கொடியை ஆட்டினாள். ஆற்றின் குறுக்கே தொங்கு பாலம். அக்கரையில் கோவில், அங்கிருந்து பஸ். பாலம் ஆடியது. பலகை இடுக்கில் பச்சைத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. இருதயசெல்வி முன்னால் நடந்து, அக்கரைப் படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். டோமினிக் இரண்டு பக்கச் சங்கிலியையும் பிடித்துக்கொண்டு, நடுப்பாலத்தில் நின்று இன்னும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஐம்பது பேர் நின்றார்கள்.

"ஜல்தி வாங்க!" என்று கத்தினாள். அவர் வந்து சேர்ந்ததும் கையைப் பிடித்து மேல்படிக்கு இழுத்தாள்.

"வர்ற கல்லறைத் திருநாளுக்கு ஊருக்குப் போயிடணும்" என்றாள்.

"டிக்கெட்டு அதுக்குள்ளதான் போட்டிருக்குது. எதுக்குக் கேக்கற?"

"அப்பா கிட்ட போயி சண்டை போடணும்."